தெரியாமை என்னும் சுமை

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று ஒரு பழமொழி நம்மிடையே உண்டு. பயப்படுகிறவரைக் கேலி செய்வதற்கே இதைப் பெரும்பாலும் பயன்படுத்துகிறோம். ஆனால் யுத்தத்தின் நடுவே வாழ்ந்த ஒரு பெண்ணுக்கு இந்தப் பழமொழி எவ்வளவு தூரம் பொருந்தும்? "விசாரித்துவிட்டு அனுப்பிவிடுகிறோம்" என்று சொல்லிக் கூட்டிச் சென்ற கணவர் திரும்பி வரவில்லை. கடைக்குப் போன மகன் வீடு வந்து சேரவில்லை. அப்படியொரு வீட்டில் நள்ளிரவில் நாய் குரைத்தால் நெஞ்சு படபடக்கத்தான் செய்யும். அதை வீண் பயம் என்று சொல்லிவிட முடியாது. அந்த வீட்டு இருட்டில் ஒரு முறை உண்மையாகவே ஏதோ வந்து போயிருக்கிறது.

யுத்தம் முடிந்த பிறகும் நம்மில் பலரை விடாமல் பிடித்திருப்பது இத்தகைய அச்சந்தான். குண்டுச் சத்தம் நின்றுவிட்டது. சோதனைச் சாவடிகள் பெரும்பாலும் அகற்றப்பட்டுவிட்டன. ஆனால் "என்ன நடந்தது?" என்ற கேள்விக்கு விடை கிடைக்காத குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அந்தத் தெரியாமை மனதை எப்படி அரிக்கிறது, அதோடு எப்படி வாழலாம் என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

பயம் வேறு, பதகளிப்பு வேறு

பாம்பைக் கண்டால் பயம் வருகிறது. கால் பின்வாங்குகிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது, உடல் வியர்க்கிறது. பாம்பு போய்விட்டால் சற்று நேரத்தில் உடல் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. இது நம்மைக் காப்பாற்றுவதற்காக இயற்கை தந்த ஏற்பாடு.

வீட்டுக்குள் பாம்பு புகுந்ததாக யாரோ சொன்னார்கள், தேடியும் காணவில்லை என்றால் நிலைமை வேறு. அன்றிரவு யாரும் தூங்க மாட்டோம். துணி மூட்டையைத் தொடவும் பயம், கட்டிலின் கீழ் கை வைக்கவும் பயம். பாம்பை நேரில் கண்டவரைவிட, காணாமல் தேடிக்கொண்டிருப்பவருக்கே அவதி அதிகம். எங்கிருந்து எப்போது வரும் என்று தெரியாததால் உடல் இடைவிடாமல் விழித்திருக்கிறது. இதையே உளவைத்தியர்கள் பதகளிப்பு என்கிறார்கள்.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆய்வாளர்கள் 2016 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. 45 பேர் கணினித் திரையில் ஒரு விளையாட்டில் ஈடுபடுத்தப்பட்டார்கள். திரையில் தெரியும் கல்லின் கீழ் பாம்பு இருக்கிறதா, இல்லையா என்று அவர்கள் ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் சிறிய மின்னதிர்ச்சி கொடுக்கப்படும். வியர்வையையும் கண்மணி விரிவதையும் கொண்டு அவர்களுடைய மனநெருக்கடி அளவிடப்பட்டது. அதிர்ச்சி நிச்சயம் வரும் என்று தெரிந்த நேரத்தில் நெருக்கடி அவ்வளவு உயரவில்லை. வரலாம், வராமலும் விடலாம் என்று பாதிக்குப் பாதி இருந்த நேரத்திலேயே அது உச்சத்தைத் தொட்டது.

கெட்டது நடக்கும் என்று தெரிவதைவிட, நடக்குமா நடக்காதா என்று தெரியாமல் இருப்பதே உடலை அதிகம் வருத்துகிறது. கையில் சில நொடி சுரீரென்று வலிக்கும் ஒரு விளையாட்டிலேயே இப்படி என்றால், பெற்ற பிள்ளை உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று பத்து, இருபது, முப்பது ஆண்டுகள் தெரியாமல் இருப்பவரின் நிலை என்ன?

மலைநாட்டிலும் இந்தச் சுமை

காணாமல் போனோர் என்றதும் வடக்கு, கிழக்கைத்தான் பலரும் நினைப்பார்கள். அங்கே இழப்பு பெரியது என்பது உண்மை. ஆனால் கண்டியைச் சுற்றியுள்ள நமது ஊர்களிலும் இந்தச் சுமையைச் சுமப்பவர்கள் எல்லாச் சமூகங்களிலும் இருக்கிறார்கள்.

1987 முதல் 1989 வரையான கிளர்ச்சிக் காலத்தில் கண்டி, மாத்தளை மாவட்டங்களில் ஏராளமான சிங்கள இளைஞர்கள் காணாமல் போனார்கள். மகாவலியில் மிதந்து வந்த உடல்களில் தங்கள் பிள்ளை இருக்கிறானா என்று கரையோரமாகத் தேடிய பெற்றோர் உண்டு. 1958, 1977, 1983 வன்செயல்களுக்குப் பயந்து தோட்டங்களை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் குடியேறிய மலையகக் குடும்பங்கள் பல. 2009 இல் முடிந்த இறுதி யுத்தத்தில் அகப்பட்டவர்களில் அவர்களும் இருந்தார்கள். அவர்களுடைய உறவினர்கள் இன்றும் நமது லயங்களில் செய்திக்குக் காத்திருக்கிறார்கள். 1990 ஜூலையில் காத்தான்குடிக்குத் திரும்பும் வழியில் குருக்கள்மடத்தில் வைத்துப் புலிகளால் பிடித்துச் செல்லப்பட்ட முஸ்லிம்களின் குடும்பங்களும் தங்கள் உறவினரை முறைப்படி அடக்கம் செய்ய முடியாமல் தவித்தன.

மாத்தளையில் நடந்ததைக் கவனியுங்கள். 2012 ஆம் ஆண்டின் இறுதியில் மாத்தளை வைத்தியசாலை வளவில் மண்ணை வெட்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. 150க்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் தோண்டியெடுக்கப்பட்டன. அவை 1980களின் பிற்பகுதியைச் சேர்ந்தவை என்று ஓர் ஆய்வு சொன்னது. பிள்ளைகளைத் தொலைத்தவர்கள் ஓடி வந்தார்கள். பின்னர் வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றின் பரிசோதனை, அவை அதற்கும் பல தசாப்தங்கள் முந்தியவை என்று சொன்னது. எலும்பு கிடைத்த பின்னும் தாய்மாருக்கு விடை கிடைக்கவில்லை. நம்பிக்கை ஒரு முறை எழுந்து மறுபடி விழுந்ததுதான் மிச்சம்.

கண்டியின் ஒரு தாய்

கண்டியைச் சேர்ந்த விசாகா தர்மதாசவின் மகன் அச்சிந்த, இராணுவத்தில் இளம் அதிகாரி. 1998 செப்டெம்பர் 27 ஆம் திகதி கிளிநொச்சி இராணுவ முகாம் தாக்கப்பட்டதன் பின் அவரைக் காணவில்லை. இறந்துவிட்டாரா, சிறைப்பட்டாரா, காயத்தோடு எங்காவது இருக்கிறாரா என்று சொல்ல எவரும் இருக்கவில்லை. அதே நாளில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இதே கேள்வியோடு நின்றன.

தேடத் தொடங்கியபோது அவருக்கு ஒரு விடயம் தெரியவந்தது. யுத்தகளத்தில் இருந்த படைவீரர் பலர் அடையாளத் தகடு அணிந்திருக்கவில்லை. அதனால் மீட்கப்பட்ட உடல்களைக்கூட யாருடையவை என்று அறிய முடியாமல் போனது. இனியொரு தாய்க்கு இந்த நிலை வரக்கூடாது என்று, படைவீரர்களுக்கு அடையாளத் தகடு வழங்கப்பட வேண்டும் எனக் குரல் கொடுத்தார். யுத்தகளத்தில் காணாமல் போன படைவீரரின் பெற்றோரை ஒன்று சேர்த்து அமைப்பொன்றை உருவாக்கினார். 2000 ஆம் ஆண்டில் யுத்தத்தால் பாதிக்கப்பட்ட பெண்கள் சங்கத்தை ஆரம்பித்தார். தெற்கின் தாய்மாரைக் கூட்டிக்கொண்டு வன்னிக்குப் போய், மறுபக்கத்துத் தாய்மாரையும் சந்தித்தார்.

மகனைப் பற்றிய விடை அவர் கையில் இருக்கவில்லை. அடையாளத் தகடு பற்றிய விடயம் அவர் கைக்கு எட்டியது. எட்டாததை நினைத்து அழுதுகொண்டே, எட்டியதைப் பிடித்துக்கொண்டு நடந்தார். மகன் திரும்பவில்லை. ஆனால் "பகைவரின் தாய்" என்று நினைத்திருந்த பெண்ணும் தன்னைப் போலவே வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பவள் என்பதை இரு பக்கத்துப் பெண்களும் நேரில் கண்டுகொண்டார்கள்.

முடியாத துக்கம்

ஒருவர் இறந்தால் நமக்கு முறைகள் இருக்கின்றன. உடலைக் குளிப்பாட்டுகிறோம், ஊரார் வருகிறார்கள், அழுகிறோம், அடக்கம் செய்கிறோம் அல்லது தகனம் செய்கிறோம். எட்டு, முப்பத்தொன்று, ஆண்டுத் திவசம் என்று நாட்கள் துக்கத்தைக் கைபிடித்து நடத்திச் செல்கின்றன. முஸ்லிம் சகோதரிக்கு இத்தாவுக்கு ஒரு தொடக்கமும் முடிவும் உண்டு.

காணாமல் போனவரின் மனைவிக்கு இவை எதுவும் இல்லை. திதி கொடுக்க நாள் தெரியாது. பொட்டு வைத்தால் ஊர் ஒன்று சொல்லும், அழித்தால் மாமியார் "என் பிள்ளையை நீயே சாகடித்துவிட்டாயா?" என்று கேட்பார். இத்தா இருப்பதா வேண்டாமா என்று தெரியாது. பிள்ளையின் பாடசாலைப் படிவத்தில் தகப்பனின் பெயருக்கு முன்னால் "காலஞ்சென்ற" என்று எழுதுவதா விடுவதா என்று பேனையைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்க அறிஞர் போலின் பொஸ் 1970களில் வியட்நாம் யுத்தத்தில் காணாமல் போன விமானிகளின் குடும்பங்களை ஆராய்ந்தார். இவர்களுடைய துயரம் சாதாரண மரணத் துயரம் போன்றதல்ல என்று கண்டு அதற்கு ஒரு பெயர் கொடுத்தார். நிச்சயமற்ற இழப்பு என்று அதைத் தமிழில் சொல்லலாம். அவர் வலியுறுத்துவது என்னவென்றால், கோளாறு அந்தப் பெண்ணின் மனதில் இல்லை, அவளுக்கு நேர்ந்த சூழ்நிலையில் இருக்கிறது. முடிவு தெரியாத இழப்பைப் பெற்ற எவரும் இப்படித்தான் தவிப்பார்கள்.

நமது நாட்டிலும் இது பதிவாகியிருக்கிறது. சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்திடம் 1990 முதல் 16,000க்கும் மேற்பட்டோரைத் தேடித் தருமாறு குடும்பங்கள் கேட்டிருக்கின்றன. அவர்களில் 5,000க்கும் மேற்பட்டோர் படையினரும் பொலிஸாரும். அந்தச் சங்கம் 395 குடும்பங்களைச் சந்தித்து 2016 இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. நிச்சயமின்மையோடு வாழ்வதுதான் அதன் தலைப்பே.

ஆகவே, சகோதரிகளே, "எனக்கு மட்டும் ஏன் மனது ஆறவில்லை? நான் பலவீனமானவளா?" என்று உங்களை நீங்களே குற்றஞ்சாட்ட வேண்டாம். "எல்லாம் மறந்துவிட்டு வாழப் பழகு" என்று சொல்பவர்கள் நல்ல எண்ணத்தோடு சொல்லலாம். ஆனால் மறப்பதற்கும் முதலில் ஒரு முடிவு வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை.

"இருக்கிறார்", "இல்லை" இரண்டும்

ஒரே வீட்டில் தாய் "என் பிள்ளை உயிரோடுதான் இருக்கிறான்" என்பாள். மருமகள் மெல்ல மெல்ல நம்பிக்கை இழந்திருப்பாள். இதனால் பிரிந்த குடும்பங்கள் உண்டு. இருவரில் யார் சரி என்று தீர்க்க யாராலும் முடியாது. போலின் பொஸ் காட்டும் வழி இதுதான்: இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி எவரையும் வற்புறுத்தக் கூடாது. அவர் வரக்கூடும், வராமலும் போகக்கூடும் என்ற இரண்டு நினைவையும் ஒருங்கே மனதில் வைத்திருக்கலாம். அவருக்காக விளக்கேற்றலாம், மகளின் திருமணத்தையும் நடத்தலாம். ஒன்று மற்றொன்றுக்குத் துரோகம் ஆகாது.

நமது சட்டமும் பிந்தியாவது இதைப் புரிந்துகொண்டது. முன்னர் கணவரின் காணியையோ வங்கிப் பணத்தையோ கையாள வேண்டுமென்றால் மரணச் சான்றிதழ் கேட்டார்கள். காணாமல் போனவர்களின் மரணத்தைப் பதிவதற்கு 2010 இல் தற்காலிக ஏற்பாட்டுச் சட்டமும் வந்தது. பல பெண்கள் மறுத்தார்கள். என் கணவர் இறந்தார் என்று நானே கையெழுத்துப் போடுவதா என்பது அவர்களுடைய கேள்வி. 2016 இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. இறந்தார் என்று சொல்லாமல், அவர் காணக்கிடைக்கவில்லை என்பதை மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழ் அறிமுகமானது. சொத்துக்களைப் பராமரிக்கவும், பிள்ளைகளின் பாதுகாவலராகச் செயற்படவும், சமூக நலன் உதவிகளுக்கு விண்ணப்பிக்கவும் இது பயன்படும். பதிவாளர் நாயகம் திணைக்களம் இதை வழங்குகிறது. 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்திலும் விபரம் கேட்கலாம்.

இந்தச் சான்றிதழைப் பெறுவதால் நீங்கள் தேடுவதை நிறுத்திவிட்டதாக ஆகாது. பெறாமல் விடுவதும் உங்கள் உரிமை. 2022 இல் காணாமல் போனவர்களின் குடும்பத்துக்கு ஓர் இலட்சம் ரூபா வழங்க அமைச்சரவை தீர்மானித்தபோது, வடக்கில் 2017 முதல் வீதியோரம் அமர்ந்து போராடிய தாய்மார் பலர் அதை மறுத்தார்கள். விடை கேட்டவர்களுக்கு விலை கொடுப்பதா என்று அவர்கள் எண்ணினார்கள். வறுமையால் அதை ஏற்றுக்கொண்ட பெண்ணையும் நாம் குறை சொல்லக்கூடாது. இருவரும் ஒரே காயத்தோடு வாழ்பவர்கள்.

அறியக்கூடியதும் அறிய முடியாததும்

அச்சத்தைக் கையாள ஒரு வழி, தெரியாததை இரண்டாகப் பிரிப்பது. முயன்றால் தெரிந்துகொள்ளக்கூடியவை ஒரு பக்கம், எவ்வளவு முயன்றாலும் இப்போது தெரிந்துகொள்ள முடியாதவை மறுபக்கம்.

2025 நவம்பரில் டித்வா புயலின்போது கண்டி மாவட்டம் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டது. நாட்டில் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், நூற்றுக்கும் மேற்பட்டோரைக் காணவில்லை. கம்பளையிலும் பேராதனையிலும் மகாவலி கரை கடந்தது. அதன் பின்னர் மழை பெய்தாலே தூக்கம் வராதவர்கள் கெலிஓயாவைச் சுற்றிலும் இருக்கிறார்கள். யுத்தத்தில் இடம்பெயர்ந்து வந்தவர்களுக்கு இது பழைய பயத்தின் மேல் புதிய பயம். இன்றிரவு மலை சரியுமா என்று எவரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மூன்று நிறங்களில் மண்சரிவு எச்சரிக்கை விடுக்கிறது. மஞ்சள் என்றால் விழிப்பாக இருக்க வேண்டும், செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராக வேண்டும், சிவப்பு என்றால் உடனே வெளியேற வேண்டும். நமது பிரதேசத்துக்கு இன்று என்ன நிறம், வெளியேறினால் எங்கே போவது என்று கிராம உத்தியோகத்தரிடம் கேட்டு வைத்தால் பயம் முழுதாகப் போகாது. ஆனால் அது அளவுக்கு வந்துவிடும்.

காணாமல் போனவர் விடயத்திலும் இவ்வாறு செய்யலாம்.

உங்களிடமுள்ள எல்லா ஆவணங்களையும் ஒரே கோவையில் வையுங்கள். பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, செஞ்சிலுவைச் சங்கத்தில் பதிந்த அட்டை, ஆணைக்குழுக்களுக்குக் கொடுத்த கடிதங்கள், புகைப்படம் ஆகியவற்றின் பிரதியை நம்பிக்கையான இன்னொருவரிடமும் கொடுத்து வையுங்கள்.

கடைசியாகக் கண்ட நாள், இடம், உடை, உடலிலிருந்த தழும்பு, பல் அடையாளம் ஆகியவற்றை எழுதி வையுங்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல நினைவு மங்கும். எழுத்து மங்காது. நாளை ஒரு புதைகுழி தோண்டப்பட்டால் இந்த விபரங்கள் தேவைப்படும்.

"உங்கள் மகனை முகாமில் கண்டேன், பணம் தந்தால் கூட்டி வருகிறேன்" என்று வருபவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். இப்படி நகையையும் காணியையும் இழந்தவர்கள் பலர். தெரியாமை இருக்கும் இடத்தில் அதை விற்றுப் பிழைப்பவர்களும் வந்துவிடுவார்கள். அப்படியொரு செய்தி வந்தால் தனியாக முடிவெடுக்காமல், நம்பிக்கையான ஒருவரோடு போய்ச் செஞ்சிலுவைச் சங்கத்திலோ மனித உரிமைகள் ஆணைக்குழுவிலோ சொல்லுங்கள்.

பிள்ளைகளிடம் பொய் சொல்லாதீர்கள். "அப்பா வெளிநாட்டில் இருக்கிறார்" என்று வளர்த்த பிள்ளை ஒரு நாள் வேறொருவர் வாயால் உண்மையைக் கேட்டால் உங்கள் மீதுள்ள நம்பிக்கையும் போய்விடும். "அப்பாவுக்கு என்ன நடந்தது என்று அம்மாவுக்கும் தெரியாது. நாங்கள் தேடுகிறோம். நான் உன்னோடு இருக்கிறேன்" என்று வயதுக்கேற்பச் சொல்லலாம். "தெரியாது" என்பதும் உண்மைதான். பிள்ளைகளால் அதைத் தாங்கிக்கொள்ள முடியும்.

உங்களைப் போன்ற பெண்களோடு சேர்ந்திருங்கள். மாதம் ஒரு முறை ஒன்றாக அமர்ந்து பேசினாலும் போதும். விளக்கம் சொல்லத் தேவையில்லாத இடத்தில் அழுவதே ஓர் ஆறுதல். கோவிலிலோ பள்ளிவாசலிலோ தேவாலயத்திலோ விகாரையிலோ அவருடைய பெயரைச் சொல்லிச் செய்யும் பிரார்த்தனையும் தான தருமமும் மனதுக்கு ஒரு பிடிமானத்தைத் தரும்.

எப்போது உதவி நாட வேண்டும்?

அச்சமும் கவலையும் வருவது இயல்பு. ஆனால் வாரக்கணக்கில் தூக்கம் இல்லாமை, சாப்பிட முடியாமை, காரணமின்றி உடல் நடுங்குதல், மூச்சு அடைப்பது போன்ற உணர்வு, பழைய காட்சிகள் கண்முன் திரும்பத் திரும்ப வருதல், பிள்ளைகளைக் கவனிக்க முடியாமை, வாழ்வதே வீண் என்ற எண்ணம் ஆகியவை இருந்தால் தாமதிக்க வேண்டாம். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரைச் சந்திக்கலாம். கண்டி, பேராதனை வைத்தியசாலைகளில் உளநலப் பிரிவுகள் உண்டு. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியில் பேசலாம். வைத்தியரிடம் போனால் "பைத்தியம்" என்று சொல்வார்களோ என்று தயங்க வேண்டாம். காய்ச்சலுக்கு மருந்து எடுப்பதில் வெட்கம் இல்லாதது போலவே இதிலும் வெட்கம் இல்லை.

விடை கேட்பது நமது உரிமை. அதைத் தர வேண்டிய கடமை அரசுக்கும், ஆயுதம் ஏந்திய எல்லாத் தரப்பினருக்கும் உண்டு. இந்தச் சுமையை நாமாகத் தேடிக்கொள்ளவில்லை, பிறர் நம் தலையில் ஏற்றி வைத்தார்கள். அதனால்தான் "மனதைத் தேற்றிக்கொள்" என்ற அறிவுரை மட்டும் ஒருபோதும் போதாது. விடை வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம். கேட்டுக்கொண்டே பிள்ளைகளைப் படிக்க வைப்போம், தைப்போம், கொழுந்து பறிப்போம், கோழி வளர்ப்போம், அயல்வீட்டுப் பெண்ணின் கதவையும் ஒரு முறை தட்டி எப்படி இருக்கிறாள் என்று விசாரிப்போம். இரவில் தட்டப்படும் கதவுக்குப் பயந்த பெண்ணுக்கு, பகலில் ஒரு சிநேகிதி வந்து கதவைத் தட்டுவது சிறிய உதவியல்ல.